ஒன்பது நாளை மீட்டவள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் அவளைச் 'சிவப்புக்கோட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் தினசரி அறிக்கை டைப் அடிக்க வந்தவள். 'பொருள் வராததால் வேலை நடக்கவில்லை' என்று ஆறு வருடமாக ஒரே வரியை அடித்து அடித்து அலுத்துப்போனாள். வராது என்பதை முன்பே யாராவது பார்த்திருக்கலாமே என்று மனசு உறுத்தியது. முப்பத்தைந்து வயதில் அஞ்சல் வழியில் படித்து, கட்டட வேலைகளைத் திட்டமிடுபவராகத் தேறினாள். ஒவ்வொரு வேலையையும் அடுத்ததோடு கோர்த்து, எது ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டடமே ஒரு நாள் தள்ளிப்போகுமோ அந்தத் தொடரை மட்டும் கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடாகக் காட்டுவாள். பட்டப்பெயர் அப்படி வந்தது.

பஸ் ஓட்டும் கணவருக்கு இதில் ஒரு கேலி. "நானும்தான் மணி பாத்து ஓட்டுறேன். இதுல என்ன பெரிய வித்தை?"

"உங்க பஸ் லேட்டானா நீங்க மட்டும் திட்டு வாங்குவீங்க. இங்க ஒருத்தர் லேட்டானா நாப்பது பேர் கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க."

அப்போது அவள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது இரண்டு மாடிப் பள்ளிக்கூடம். பழைய கட்டடம் விரிசல் விட்டதால் பிள்ளைகள் வாடகைக் கூடத்தில் பாதிப் பாதியாகப் படித்தார்கள். திறப்பு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மழை பன்னிரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மழை விட்டபோது கையில் இருந்தது அறுபத்தாறு நாள்.

தகரக் கொட்டகையில் கூட்டம். மேனேஜர் மேஜையைத் தட்டினார். "முப்பது கொத்தனாரை இறக்குறோம். வெளிப்பூச்சை முடிச்சாத்தான் கட்டடம் எழுந்த மாதிரி தெரியும்."

"வெளிப்பூச்சுக்கு இன்னும் இருபத்திமூணு நாள் சும்மாவே கையில இருக்கு சார். முப்பது பேர் இல்ல, முந்நூறு பேர் வந்தாலும் திறப்பு நாள் ஒரு மணி நேரம்கூட முன்னாடி வராது" என்றாள் அவள். "படிக்கட்டுதான் நம்மள நிறுத்துது."

யாருக்கும் புரியவில்லை. அவள் விரல் விட்டு எண்ணினாள். படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்டு, இறுகி, தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளைக் கழற்றினால்தான் அந்தச் சுவரோரமாக மின்சார மெயின் லைன் மேலே ஏறும். அது ஏறினால்தான் மாடி வயரிங். அதுவும் முடிந்தால்தான் தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துச் சான்று தருவார். சான்று இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விட முடியாது. மொத்தம் எழுபத்தைந்து நாள்; கையில் இருப்பதைவிட ஒன்பது நாள் அதிகம்.

"அப்ப படிக்கட்ட ஏன் இன்னும் போடல?" என்றார் மேனேஜர்.

"படிய அகலமாக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. மாத்துன வரைபடம் டிசைன் இன்ஜினியர் கையெழுத்துக்குப் போயிருக்கு. அதுக்கு நான் அட்டவணையில நாளே ஒதுக்கல; இப்ப அந்தக் காத்திருப்பையும் சேத்துத்தான் எழுபத்தஞ்சு. தப்பு என்னுது சார்."

சொன்னபோது அவளுக்குக் காது சூடேறியது. ஆனால் தலை குனியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிசைன் இன்ஜினியரின் அலுவலகத்தில் இருந்தாள். வரைபடம் ஒரு காகிதக் குவியலின் அடியில் கிடந்தது. "வெள்ளிக்கிழமை பாக்கறேம்மா" என்றார் அவர்.

"சரிங்க சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து அதே நாற்காலியில் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு அவரே குவியலைக் கலைத்தார். கணக்குப் போட்டதில் படி திரும்பும் இடத்தில் கம்பி குறைவாக இருந்தது. சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். "நல்லவேளை வந்து உக்காந்தீங்க. வெள்ளிக்கிழமை அவசரத்துல இது அப்படியே போயிருந்தா ஆபத்து."

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காததில் நான்கு நாள் மிச்சம். இன்னும் ஐந்து வேண்டும்; அதை மாடி வயரிங்கில்தான் எடுக்க முடியும்.

எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள். "மெயின் லைன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க அண்ணே. சாரத்துல ஏறி, கடைசி ரூம்லேருந்து வயர இழுத்துக்கிட்டு வாங்க. லைன் வந்ததும் சேத்துக்கலாம்."

"சாரத்துல வயர் சுருளத் தூக்கிட்டு ஏறச் சொல்றீங்க. என் முதுகுக்கு அட்டவணை போட்டீங்களா?"

"போட்டாச்சு. தூக்க ரெண்டு ஆள் தர்றேன்."

கொத்தனார்களைக் கூட்டிவரக் கிளம்பியிருந்த மேஸ்திரிதான் குமுறினார். "வேலைக்கு ஆள் வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா!" மூன்று வாரம் கழித்து வரச் சொன்னாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், சொன்ன நாளில் வந்து நின்றார்.

அறுபத்துமூன்றாம் நாள் தீயணைப்பு அதிகாரி வந்தார். படியேறி, இறங்கி, மறுபடி ஏறினார். திருப்பத்தில் கைப்பிடி நான்கு அங்குலம் தாழ்வு என்றார். வெல்டர் அன்றே உயர்த்தினார். அறுபத்தைந்தாம் நாள் மாலை சான்று கைக்கு வந்தது. பின்பக்கச் சுவருக்கு ஒரு கோட்டிங் பெயின்ட்தான் ஆகியிருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அவளால் போக முடியவில்லை. அடுத்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேஸ்திரி போன் செய்தார்.

"பசங்க மாடிக்கு ஏறிட்டாங்கம்மா. சத்தம் கேக்குதா?"

கேட்டது. சத்தம் ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.