அண்ணன் கேட்ட கேள்வியும் மினுக்கிய பல்பும்

புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்த பிறகு என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புதூர்நாட்டில் எங்கள் வீட்டின் உள்ளறைக் கட்டிலில்தான் நாள் முழுக்கக் கிடப்பார். ஜன்னல் இல்லாத அறை. விளக்கைப் போட, அணைக்க யாரையாவது கூப்பிட வேண்டும். சோறு கேட்கக் கூசாதவர் இதற்குக் கூசினார். சாமைக் கொல்லையிலிருந்து களைத்து வரும் அண்ணியைக் கூப்பிட மனம் வராமல் பல நாள் இருட்டிலேயே கிடந்திருக்கிறார்.

அவருடைய தங்கையான நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து மலை ஊர்களில் வயரிங் வேலை செய்கிறேன். திருப்பத்தூர் கடையில் ரிமோட்டில் இயங்கும் எலக்ட்ரானிக் சுவிட்சைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டேன். மறுநாள் காலையிலேயே மாட்டினேன். அண்ணன் ரிமோட்டை அமுக்கினார். எல்.இ.டி. பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுபடி அமுக்கினார். பல்பு அணைந்தது. ஆனால் முழுசாக அணையவில்லை. விட்டு விட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது.

வேறு எல்.இ.டி. மாட்டிப் பார்த்தேன், அதுவும் மினுக்கியது. பழைய குண்டு பல்பு மட்டும் ஒழுங்காக அணைந்தது. அதையே விட்டுவிடலாம் என்றேன். அந்த அறையில் அது அடுப்பாய்க் காயும் என்றார் அண்ணன். மேலே பல்பைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, அணைச்ச பிறவும் ரிமோட்டு சொல்றத அந்த சுவிட்சு கேக்குதே. அதுக்குக் கரண்ட்டு எங்கேர்ந்து வருது?”

எனக்குச் சுரீரென்றது. சுவிட்ச் தூங்குவதே இல்லை. தனக்கு வேண்டிய கொஞ்சம் கரண்டைப் பல்பு வழியாகவே எடுத்துக்கொள்கிறது. குண்டு பல்புக்கு அது உறைக்காது. எல்.இ.டி.யோ அதைச் சேர்த்துச் சேர்த்து மினுக்குகிறது. சுவிட்சில் நியூட்ரலுக்கென்று, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயருக்கென்று, தனி இடம் இருந்தது. அதை மாட்டினால் சுவிட்சுக்குப் பல்பின் தயவு வேண்டாம். எங்கள் பழைய வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் ஒயர் வராததால் அதைக் காலியாக விட்டிருந்தேன்.

மெயினை அணைத்தேன். சுவரில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையின் மூடியைக் கழற்றி, பல்புக்குப் போகும் நியூட்ரலிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைப் பெட்டிவரை இழுத்தேன். கட்டிலில் இருந்தபடி அண்ணன் செல்போன் வெளிச்சம் காட்டினார். அதைச் சுவிட்சின் காலி இடத்தில் செருகித் திருகை முடுக்கினேன்.

மெயினைப் போட்டு, கதவைச் சாத்தினேன். அண்ணன் விளக்கை எரியவிட்டு அணைத்தார். கும்மிருட்டு. பொட்டு வெளிச்சம்கூட இல்லை. இருவரும் அந்த இருட்டில் சிரித்தோம்.

சாயங்காலம் அண்ணி வந்து பழக்கத்தில் சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். தொடுவதற்குள் விளக்கு எரிந்தது. திகைத்து நின்றவர் கட்டிலில் உட்கார்ந்து, ரிமோட்டை வாங்கித் தானும் நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தார்.

“இனிமே என்னை எதுக்குக் கூப்புடுவீங்க?” என்றார்.

“சும்மா பேசத்தான்” என்றார் அண்ணன்.

அடுத்து ஃபேனுக்கு மாட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் அதற்குள் டேப்பை எடுத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தேன்.