மூச்சை எண்ணிய காலம்

எனக்கு அமைதியான ஆள் என்று பெயர். அந்தப் பெயரை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

போர்க் காலத்தில் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி. எங்கேயாவது குண்டு வெடித்தால், மறுநாள் தேநீர் அறையில் பேச்சு நின்று எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு குடிப்பேன்.

அந்த நாட்களில்தான் ஊழியர்களுக்கு மனதை அடக்கும் வகுப்பு வந்தது. கோபமோ பயமோ வந்தால் அதைக் கவனித்தபடி ஏழு மூச்சு எண்ணச் சொன்னார் பயிற்சியாளர். நல்ல வித்தைதான். நான் அதை என் கோழைத்தனத்துக்குப் போர்வையாக்கினேன். "இந்த மிஸ்ஸைப் பாருங்கள்" என்று என்னை உதாரணம் காட்டினார். எனக்குப் பெருமை வேறு. சீ.

வார்டில் தமிழ் நோயாளிகளிடமும் சிங்களத்தில்தான் பேசுவேன். பொட்டும் வைப்பதில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்ட சட்டம். என்ன குசுகுசுக்கிறாய் என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு காலை கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். காலில் வெட்டுக்காயம், சீழ் பிடித்திருந்தது. பெனிசிலின் ஊசி எழுதியிருந்தார்கள். முன்பு அது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்க வேண்டும். கேட்டேன், சிங்களத்தில். "ஹரி மிஸ், ஹரி" என்று தலையாட்டினாள். எது கேட்டாலும் சரி என்றே சொல்லிப் பழகியவள். அவளுக்கு விளங்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தமிழில் ஒரு வசனம் போதும். பக்கத்துக் கட்டிலருகே இன்னொரு தாதி நின்றாள். நெஞ்சு படபடத்தது. ஏழு மூச்சு எண்ணினேன். அமைதியாகி, ஒவ்வாமை இல்லை என்று எழுதி ஊசியைப் போட்டேன்.

ஐந்து நிமிடம் இருக்காது. அவள் உதடு தடித்தது, கண்கள் வீங்கி மூடின, மூச்சு இழுத்தது. டாக்டர் ஓடி வந்து ஒவ்வாமையை முறிக்கும் ஊசி போட, நான் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கத் தமிழில் கத்தினேன்: "மூச்சை இழுங்கோ அம்மா, விட்டுடாதேங்கோ, இழுங்கோ." யாரும் என்னை முறைக்கவில்லை. பக்கத்துத் தாதி ஒட்சிசன் குழாயைத்தான் நீட்டினாள்.

பின்னேரம் அவள் வீக்கம் வடிந்து பேசினாள். "தோட்டத்து டிஸ்பென்சரியிலயும் ஒருக்கா ஊசி போட்டு இப்படித்தாங்க மிஸ் மூஞ்சி வீங்கிருச்சு." தலையை என் பக்கம் திருப்பினாள். "நீங்களும் நம்ம பாஷதானா? அப்ப காலையில ஏங்க மிஸ் பேசல?"

கோபமே இல்லாமல் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு வரைக்கும் வந்திருந்தேன்.