சப்பாத்துக்கு அடித்த விசில்

என் கணவர் பிழைப்புக்கு ஓட்டோ ஓட்டுகிறார். உண்மையான உத்தியோகம், ஒரு சண்டை நடிகருக்கு ரசிகராக இருப்பது. ஓட்டோவின் பின்கண்ணாடியில் அந்த நடிகர் துவக்கோடு நிற்பார். ஓட்டோ பழுதாகிக் கராஜில் கிடந்த மாதத்திலும், அந்தப் படத்தைத் துடைக்க இவர் தவறாமல் போய்வந்தார்.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எனக்குச் சமையலறை வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் வீட்டு அடுப்போடு மல்லுக்கட்டியவள் நான். எப்படியாவது போய்விட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கேட்டேன். ஆம்பிளை இருக்கிற வீட்டில் பொம்பிளை உழைக்கப் போவதா என்று சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். அந்தச் சாய்வும் அந்த நடிகருடையது, வசனமும் அந்த நடிகருடையது. என் தலையெழுத்தைச் சென்னையில் எவரோ ஒரு வசனகர்த்தா எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நடிகரின் புதுப் படம் வந்தது. முதல் காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். தியேட்டர் வாசலில் ஆளுயரப் படத்துக்குப் பால்மா கரைத்து ஊற்றினார்கள். உள்ளே எல்லார் மடியிலும் கிழித்த கடதாசி. இந்த நடிகர் எந்தப் படத்திலும் முதலில் சப்பாத்தாகத்தான் வருவார்; பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில்தான் முகம். சப்பாத்தைக் கண்டதும் கடதாசி பறக்க வேண்டும் என்பது சட்டம்.

படம் தொடங்கியதும் ஒரு சோடிக் கறுத்தச் சப்பாத்து மாடிப்படி ஏறியது. விசிலில் தியேட்டர் அதிர்ந்தது. என் கணவர் கதிரையில் ஏறி நின்று கடதாசி முழுவதையும் வீசிவிட்டார். சப்பாத்து ஒரு கதவைத் தட்டியது. அது காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுடையது. கதவைத் திறந்தவர்தான் நடிகர்: இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம், வெறுங்கால், கையில் பாதி கழுவிய மீன். மனைவி வேலைக்குப் போக, வீட்டைப் பார்க்கிற புருஷனாம். அவருக்கு வீச ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சவில்லை.

இனிச் சண்டை வரும், இனி வரும் என்று கடைசிவரை காத்திருந்தார்கள். ஒருமுறை நடிகர் கத்தியை எடுத்தார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடிகர் வெங்காயம் வெட்டினார்.

வீடு வரும்வரை டைரக்டருக்குத் திட்டு விழுந்தது. சனிக்கிழமை முழுக்க ரசிகர் கூட்டாளிகள் போனில் ஒருவரிடம் ஒருவர் துக்கம் விசாரித்தார்கள். ஞாயிறு மத்தியானம் இவருக்கு ஞானம் பிறந்தது. மீனைப் பிடித்த பிடியிலேயே ஒரு ஸ்டைல் இருந்ததாம். அவரைப்போல் செதில் சுரண்ட உலகத்தில் ஆளில்லையாம்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போ புள்ள. வீட்ட நான் பாக்கிறன்," என்றார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் நான் கேட்டுக் கிடைக்காததை அந்த நடிகர் ஒரு மீனைக் கழுவியே வாங்கித் தந்திருந்தார்.

திங்கட்கிழமை ஹோட்டலில் சம்மதம் சொன்னதும் அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தேன். தோளில் துவாயோடு, கையில் மீனோடு, வாசலில் சாய்ந்து நின்றார். உள்ளே கறி கருகிக் கிடந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

கையிலிருந்த பஸ் டிக்கட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து அவர் தலையில் வீசினேன். முகமெல்லாம் பல்லாக நின்றார். பன்னிரண்டு வருஷமாக அதே வீட்டில் மீன் கழுவியவளுக்கு யார் வீசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.