வரீதா எழுதின அம்மா வழி

துனிசியாவுல எங்க ஜெர்பா தீவுல வரீதாவுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு, கல்லறைத் தபால்காரி. நம்ம யூத சனம் நாலா பக்கமும் சிதறிப் போச்சு. பாரிஸ்லேருந்தும் இஸ்ரேல்லேருந்தும், "எங்க பாட்டன் யாரு, எந்தத் தெரு"ன்னு இவளுக்குத்தான் கடுதாசி வரும். காலையில துணி தைப்பா. மத்தியானம் கல்லறையில தூசி துடைச்சுப் பேரு படிப்பா.

ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சுன்னத் பண்றவர் எழுதி வைக்கற நோட்டுல அப்பா பேரு மட்டும்தான் இருக்கும். இவ அம்மா யாரு, அவளுக்கு அம்மா யாருன்னு குடைவா. "பொம்பளைங்க பேரை வச்சு என்னடி பண்ணப் போற, கறியா வைப்ப?"ன்னு நானே கேலி பண்ணிருக்கேன்.

என் மக ஹனினாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுப் பையன் பொறந்தான். என் பேரன். எங்க வழக்கப்படி உசுரோட இருக்கற தாத்தா பேரு, ஹுவாத்துன்னு என் பேரையே வைக்கப் போறாங்க. எனக்குக் கால் தரையில நிக்கல.

எட்டாம் நாள் சுன்னத். ஏழாம் நாள் காலையில விருந்துக்கு மீன் பொரிச்சுட்டு இருந்தோம். வரீதா நோட்டோட வாசல்ல நின்னா.

"மாமா, நாளைக்கு வேண்டாம்."

"எது வேண்டாம், மீனா?"

அவ சிரிக்கல. "உங்க சம்சாரம், செத்துப்போன அத்தை, அவங்க அம்மாவுக்கு ரெண்டு தங்கச்சி. ஒருத்தி காபெஸ்ல, ஒருத்தி திரிபோலியில வாக்கப்பட்டா. ரெண்டு பேரோட பையனும் பொறந்த ஒன்பதாம் நாள் செத்துருக்காங்க."

"காய்ச்சல்னாங்க."

"திரிபோலிக்காரி பேத்தி போன வாரம் எழுதினா. சுன்னத்துக்கு அப்புறம் ரத்தம் நிக்கலயாம். காபெஸ்காரங்களுக்கு நேத்து போன் போட்டேன். அங்கயும் அதேதான்."

"அறுத்தவன் கை சரியில்ல."

"ரெண்டு ஊரு, ரெண்டு கை, மாமா. அம்மாங்க மட்டும் ஒரே வயித்துல பொறந்தவங்க."

உள்ளேருந்து ஹனினா குரல் வந்துச்சு. "அப்பா, பொறந்தன்னிக்குக் குதிகால்ல ஊசி குத்தினாங்களே. சாயங்காலம் வரைக்கும் பஞ்சு சிவப்பாவே இருந்துச்சு. நான் சொன்னப்ப சிரிச்சீங்க."

மீன் சட்டியை இறக்கி வச்சேன். சுன்னத் பண்ற எங்க மதகுரு ரிபி ஃபராஜிகிட்ட ஓடினோம். அவர் எல்லாத்தையும் கேட்டாரு.

"ரெண்டு சகோதரிங்க பிள்ளை இப்படிப் போனா, அடுத்த சகோதரி பிள்ளையைத் தொடாதேன்னு நம்ம சட்டமே சொல்லுது. இது தலைமுறை தள்ளித்தான். இருந்தாலும் நான் கத்தி எடுக்கமாட்டேன். துனிஸ்ல ரத்தம் பாத்துட்டு வா."

அப்புறம் அவரோட நோட்டைத் தொறந்து பின்பக்கமா பொரட்டிக்கிட்டே போனாரு. "எல்லாம் அப்பா பேரு"ன்னாரு. ஒரு பக்கத்துல வெரல் நின்னுச்சு. அவர் கையால அறுத்துச் செத்துப்போன எந்தப் பிள்ளையோன்னு நான் கேக்கல.

துனிஸ் டாக்டர், ரத்தம் உறையாத நோவு, அம்மா வழியாத்தான் வரும்னு சொன்னாரு. பேரு மட்டும் வச்சோம். பொரிச்ச மீன் அக்கம்பக்கம் போச்சு.

இப்ப வரீதா தெருவுல வந்தா, கெட்ட சேதிக்காரின்னு பயந்து மாசமா இருக்கற பொண்ணுங்களை உள்ள இழுத்துக் கதவைச் சாத்துறாங்க. வரீதா நின்னு தட்டுவா. "உங்க அம்மாவோட அம்மா பேரு மட்டும் சொல்லுங்க"ம்பா. தொறக்கற வரைக்கும் நான் கூட நிப்பேன்.

பேரனுக்கு எட்டு மாசம். தவழ ஆரம்பிச்சுட்டான். மேஜை முனைக்கெல்லாம் துணி சுத்திட்டேன். நேத்து முழங்கால்ல ஒரு நீலம், காசு அகலத்துக்கு. இன்னிக்கு உள்ளங்கை அகலம். என் மடியில உக்காந்து மூக்கைப் புடிச்சு இழுத்துச் சிரிக்கறான். ஹனினா ஆஸ்பத்திரிப் பையை எடுத்துட்டா.