வூடு என்றொரு கம்பெனி

காசிமேட்டுக் கோதண்டத்தின் புது விசைப்படகுக்குப் 'பவுனம்மாள்' என்று பெயர். அது அவருடைய அம்மாவின் பெயர். படகின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஸ்டிக்கருக்காக அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் பாதி வரைந்துகொண்டிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். அப்போதுதான் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. நீங்கள் பயன்படுத்துவது அசல் பிரதி அல்ல, சரிபார்ப்பு தோல்வி என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே பெயர், மின்னஞ்சல், செல்போன் என்று மூன்று காலிக் கட்டங்கள்.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பி அனுப்பினார். அத்தோடு சாப்ட்வேர் பூட்டிக்கொண்டது, 'பவுனம்மாள்' பாதியில் நின்றது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் ஒவ்வொன்றாக எண்ணித் தாளில் குறிக்கிற உத்தியோகம் அது. அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. எண்ணி முடித்தபின் அடியில் மிஞ்சுகிற வெற்றிடத்துக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு எவனாவது வந்து, இறங்காத சரக்கை அங்கே எழுதி இறக்கிவிடுவான். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. சர்ச்சில் திருப்பலிக் கருத்து எழுதித் தருகிற துண்டுச் சீட்டில்கூட அடியில் கோடு போட்டுத்தான் கொடுப்பார்.

மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. சாப்ட்வேர் கம்பெனியின் சார்பில் யாரோ வக்கீல்கள் எழுதியிருந்தார்கள். மேலே விலாசதாரர் இருந்த இடத்தில் 'நிர்வாக இயக்குநர், வூடு நிறுவனம், சென்னை' என்று இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, வெகு நாளைக்குப் பின், தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

விஷயம் இதுதான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், துறைமுக வேலை போக மிச்ச நேரத்தில் படகுகளுக்கு ஸ்டிக்கர் போட்டுத் தரலாமென்று அந்தக் கம்ப்யூட்டரும் ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷினும் வீட்டுக்கு வந்த அன்று, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகன் டெரிக் நடைபாதையில் வாங்கிய சிடியிலிருந்து இந்த சாப்ட்வேரை ஏற்றினான். நாற்காலிக்குப் பின்னால் அக்கா ஜானட் நின்றாள். மனைவி ரேச்சல் கையில் மீன் வாசனையோடு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"கம்பெனி பேரு கேக்குது நைனா. இன்னா போட?"

"கம்பெனி ஏதுடா நமக்கு? வூடுதான்."

பையன் சொன்னதைச் சொன்னபடி அடித்துவிட்டான். ஆங்கிலத்தில் வி, ஓ, ஓ, டி, யு. "அப்போ மொதலாளி நான்தான், அதையும் எழுதிக்கோ" என்றாள் ரேச்சல். நாலு பேரும் சிரித்தார்கள். அவரவருக்குத் தனித்தனியாகப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தான் டெரிக். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் நாலு வட்டம் வரும், ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே ஒரு பெயர்.

வட்டம் நாலு இப்போதும் இருக்கிறது. டெரிக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான், விடுமுறைக்குத் தூத்துக்குடியில் மாமியார் வீட்டுக்குப் போகிறான். ஜானட் புனேயில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு என்று மூன்று மாதத்துக்குப் போன ரேச்சல், இரண்டாவது பிரசவத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே இருக்கிறாள். நாலு வருஷமாகிறது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. ஈஸ்டருக்கு வருகிறேன் என்பாள், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்பாள். ஸ்டானிஸ்லாஸும் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தார். ஏழாவது மாடியில் ஒன்பது நாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, படகு ஆர்டர் இருக்கிறதென்று கல்மண்டபத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

யாராவது கேட்டால் "வூட்ல நாலு பேரு" என்றுதான் சொல்வார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இத்தனை வருஷம் கண்டுகொள்ளாத சாப்ட்வேர் இப்போது ஏன் விழித்துக்கொண்டது என்பதற்கும் காரணம் உண்டு. பேத்தியைப் பெரிய திரையில் பார்க்கலாமே என்று மார்ச் மாதம்தான் கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பு வாங்கினார். பேத்தி இரண்டு தடவை வந்து கையாட்டினாள். மூன்றாவது தடவை கார்ட்டூன் பார்க்க ஓடிவிட்டாள். ஆனால் திருட்டு சாப்ட்வேர் மட்டும் கிடைத்த நெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன், வூடு என்ற கம்பெனியில் இருக்கிறேன் என்று தன் தாய்வீட்டுக்குச் சேதி அனுப்பிவிட்டது. அந்த வீட்டிலேயே தாய்வீட்டை நினைத்த ஒரே ஜீவன் அதுதான்.

மறுநாள் காலை போன் வந்தது. பெங்களூரிலிருந்து தஹ்சீன் என்றொரு பெண். லைசென்ஸ் சரிபார்ப்புப் பிரிவாம். ஆம்பூர்க்காரி, பதவிசான தமிழ்.

"வூடூ நிறுவனத்துல பேசறீங்களா சார்? உங்க நிறுவனத்துல எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"நாலு பேரு கீறோம்மா."

"அப்போ நாலு லைசென்ஸ் வாங்கணும் சார். என்ன தொழில் பண்றீங்க? எங்க மேனேஜர், வூடூன்னா வெளிநாட்டு மாந்திரீகம், கேம் கம்பெனியா இருக்கும்னு சொல்றாரு."

"மாந்திரீகமா? அட, வூடும்மா. நீ வூட்ல இருந்துதானே வேலைக்குப் போற? அந்த வூடு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல், மன்னிக்கணும் சார் என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து அவள் வழி சொன்னாள். தனி ஆள் வீட்டில் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு லைசென்ஸ் வாங்கினால் போதும், பழசுக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு சுய அறிவிப்புப் படிவம் அனுப்புவாள். பயன்படுத்துவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"நாலுன்னா நாலு வாங்கணும் சார். ஒண்ணுன்னே போடுங்க. அதானே உண்மை?"

பார்த்துச் சொல்கிறேன் என்று ஸ்டானிஸ்லாஸ் போனை வைத்தார்.

எண்ணுவதுதான் அவர் செய்த உத்தியோகம். எண்ணாததை எழுதியவரில்லை, எண்ணியதை எழுதாமல் விட்டவருமில்லை. ஆனால் அந்தப் படிவத்தை ஏழு நாள் மேஜைமேல் வைத்திருந்தார். மற்ற கட்டமெல்லாம் முதல் நாளே நிரப்பியாயிற்று. அந்த ஒரு கட்டத்தில் ஒன்று என்று எழுதினால், ரேச்சல் வரப்போவதில்லை என்று அவர் கையாலேயே எழுதின மாதிரி. அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

தஹ்சீன் தினமும் பத்தரை மணிக்குக் கூப்பிட்டாள். அது அவளுக்கு வேலை. ஸ்டானிஸ்லாஸ் பத்து மணிக்கே டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். நாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது, ஆறாவதில் என்ன எழுதுவது என்று தெரிந்ததையே சந்தேகம் கேட்டார். அவளும் பொறுமையாகச் சொன்னாள். சாப்பிட்டீங்களா சார் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டாள். அன்றைக்கு அவர் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தார், மறுநாள் கேட்டால் சொல்வதற்கு. அவள் கேட்கவில்லை.

கோதண்டம் வந்து முற்றுகையிட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஐந்து நாள்தான் பாக்கி.

"டாலி அண்ணே, இன்னா இது பேஜாரு? காசிமேட்ல அத்தினி போட்டும் பேரு ஒட்டிகினு நிக்கிது, எங்கம்மா மட்டும் மொட்டையா நிக்குது. என் தோஸ்து ஒருத்தன் கீறான், பத்து நிமிஷத்துல வேற டூப்பு சாப்ட்வேர் போட்டுக் குடுத்துருவான். இட்டுகினு வரட்டா?"

"வேணாம் கோதண்டம். ஃபாரம் வந்துகீது. எழுதித்தான் குடுக்கணும்."

"ஒரு ஃபாரத்துக்கா ஒரு வாரம்?"

ஸ்டானிஸ்லாஸ் மேஜைமேலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.

எட்டாவது நாள் தஹ்சீன் வேறொன்று கேட்டாள். படிவத்தோடு, கம்ப்யூட்டரை யார் யார் எப்போது கடைசியாகத் திறந்தார்கள் என்ற பட்டியலும் வேண்டுமாம். அவள் அனுப்பிய சின்ன நிரலை ஓட்டினால் பட்டியல் தானாக அவளுக்குப் போய்விடும். தொண்ணூறு நாளைக்குள் திறந்தவர்களைத்தான் பயன்படுத்துவோர் என்று எடுத்துக்கொள்வார்களாம். அவர் ஓட்டினார். அவள் போனில் இருந்தபடியே படித்தாள்.

"ஜானட், ஏழு வருஷம் ஆச்சு சார். டெரிக், ஆறு வருஷம். இது ரெண்டும் கணக்குல வராது. ஸ்டானிஸ்லாஸ், இன்னைக்கு. ரேச்சல்..." அந்தப் பக்கம் மௌஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "ரேச்சல், போன ஞாயித்துக்கிழமை காலையில பதினொண்ணே கால். அதுக்கு முந்தின ஞாயிறும் இருக்கு. அப்போ மேடம் அங்கதான் இருக்காங்களா சார்? ரெண்டு பேர்னு போடணுமே?"

ஸ்டானிஸ்லாஸுக்கு முகம் சூடாகிவிட்டது. அறுபத்திரண்டு வயதில், முன்பின் பார்த்திராத பெண்ணிடம் கையும் களவுமாக அகப்பட்டதுபோல் இருந்தது.

"அது நான்தாம்மா."

"நீங்களா?"

"பூசை முடிஞ்சு வந்தா வூட்ல பேச்சுக்கு ஆளு இல்ல. அவ பேர்ல தொறப்பேன். அவ சீட்டு ஆடுவா இல்ல, கம்ப்யூட்டர்ல? பாதி ஆடி நிறுத்தி வெச்ச ஆட்டம் அப்டியே கீது. அத்த பாத்துகினு கொஞ்ச நேரம் குந்தினு இருப்பேன். ஆட மாட்டேன். ஆடினா முடிஞ்சிரும்."

தஹ்சீன், "நீங்களே யோசிச்சு எழுதுங்க சார், நாளைக்குக் கடைசி நாள்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். கேலி செய்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம் என்று நினைத்தார். தனியாக இருக்கிறோம் என்பது இத்தனை நாள் அவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது பெங்களூரில் ஒரு பட்டியலில் தேதி நேரத்தோடு ஏறிவிட்டது.

அன்று மத்தியானம் ரேச்சலைக் கூப்பிட்டார். பின்னால் குக்கர் சத்தமும் குழந்தை சத்தமும் கேட்டன.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. ரேச்சல், ஒண்ணு கேக்கணும். ஃபாரம் ஒண்ணு வந்துகீது. வூட்ல எத்தினி பேருன்னு கேக்கறான்."

"இன்னா ஃபாரம்? ரேஷனா?"

"இல்ல, கம்ப்யூட்டருக்கு. ஒண்ணுன்னு போடவா, ரெண்டுன்னு போடவா? நீ வருவியா வர மாட்டியான்னு நான் கேட்டதே இல்ல. இப்போ கேக்கறேன்."

குழந்தை எதற்கோ அழுதது. ரேச்சல் அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள். பேசியபோது அவள் குரலில் கோபமும் இல்லை, சாக்கும் இல்லை.

"இங்க என்னைச் சுத்திப் பிள்ளைங்க கீதுங்க. அங்க வந்தா திரும்ப நீங்களும் நானும், அந்த மிஷின் சத்தமும். எனக்கு இது புடிச்சுப்போச்சுங்க. நானும் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்." குக்கரை அணைத்துவிட்டு வந்தாள். "ஒண்ணுன்னே போட்டுக்கோங்க."

"சரி" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "மாத்திரை ஒழுங்கா போடு."

அவருக்கு வலித்தது. ஆனால் நாலு வருஷமாக எண்ணி முடியாமல் கிடந்த சரக்கு எண்ணி முடிந்துவிட்டது. படிவத்தை எடுத்து, எண்ணிக்கை என்ற இடத்தில் 1 என்று எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் 'ஒன்று மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் லைசென்ஸ் எண் வந்தது. பழைய சாப்ட்வேரை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றச் சொல்லி, பத்தரை மணிக்கு தஹ்சீன் போனில் கூடவே இருந்தாள். திரையில் மறுபடியும் அந்தக் கேள்விகள் வந்தன. பெயர் என்ற இடத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்று அடித்தார். அடுத்த கட்டம் கம்பெனி.

"தனி ஆளுக்கு அது தேவையில்ல சார். காலியா விட்டுடுங்க."

"காலியா வுடலாமா?"

"விடலாம் சார். வேணும்னா பின்னாடி எப்பவாவது போட்டுக்கலாம்."

அவர் விரல் தானாகப் போய்க் கோடு போடுகிற விசைமேல் நின்றது. ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டால் அப்புறம் அந்த இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாது என்று முப்பத்தோரு வருஷக் கை சொல்லிற்று. விரலை எடுத்துக்கொண்டார். அடுத்து என்பதை அழுத்தும்படி தஹ்சீன் சொன்னாள், அழுத்தினார். சரிபார்ப்பு முடிந்தது, உங்கள் பிரதி அசல், நன்றி என்று திரையில் வந்தது.

"அவ்வளவுதான் சார். இனிமே நாங்க கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்றாள் தஹ்சீன்.

"தொந்தரவு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டுப் 'பவுனம்மாள்' விட்ட இடத்திலிருந்து மிச்ச எழுத்தை வரைந்தார். சாயங்காலம் கோதண்டம் வந்து ஸ்டிக்கர் சுருளை வாங்கிக்கொண்டு போனார். ஸ்டானிஸ்லாஸ் திரும்பி வந்து, இது ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டே, ரேச்சலின் வட்டத்தைச் சொடுக்கித் திறந்தார். பாதியில் நின்ற சீட்டாட்டம் அங்கேயே இருந்தது. அவர் அதை ஆட ஆரம்பித்தார். கம்பெனி என்ற கட்டத்தில் மட்டும் அவர் கடைசி வரை கோடு போடவில்லை.