பெட்டியில் மட்டும் பெயர்

சித்தப்பா ஷூ கம்பெனியில் அளவெடுப்பவர். 'உங்கள் பாதத்துக்கென்றே' என்று விளம்பரம் செய்த பிறகும், கம்பெனி பழைய விதியை விடவில்லை: புதிதாக எது செய்தாலும் ஆறு மேலாளர்கள் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் அது முடியுமா? அதனால் எடுத்த அளவைத் தூக்கிப்போட்டு, ஏற்கெனவே ஒப்புதலான பன்னிரண்டு அளவுகளில் ஒன்றைத் தைத்து, பெட்டியில் வாடிக்கையாளரின் பெயரை ஒட்டினார்கள்.

ஒரு பாதம் சிறுத்த பெண் புண்ணோடு திரும்பி வந்தாள்.

"அவங்க கால்லதான் குறைன்னு எழுதுங்க," என்றார் மேலாளர்.

"அந்தக் காலுக்கும் ஆறு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா சார்?" என்றார் சித்தப்பா.

ஒரு மாதம் வெளியூர் போயிருந்த நான் திரும்பியபோது, அவர் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார். வீட்டில் மூன்றாவது முறையாகக் கையில் சோப்புப் போட்டார்.

"பசை போயிடுச்சே சித்தப்பா."

"நாத்தம் போகலையேம்மா."