ஒன்றரை டிக்கெட்

நான் ஒரு வடிகட்டின முட்டாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம். மச்சான் கொடுத்த பூட்ஸ் என் காலுக்குச் சிறியது என்று தெரிந்தும், கொழும்பில் மரியாதையாக இருக்கட்டுமென்று அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வாத்து மாதிரி நடந்தவன் நான். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எப்படி இருக்கும்? எங்கள் ஊர் வடகரப்பதியில் அந்தக் காலத்தில் பேய் என்று ஒன்று இருந்ததென்றால் அது நான்தான். வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு புளியமரத்தில் உட்கார்ந்து பாதி ஊரைக் காய்ச்சலில் தள்ளியிருக்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கொழும்பில் மளிகைக்கடை வைத்து நன்றாகப் பருத்திருந்தார். ஒரு வருஷம் கடலைக்காய் நல்ல விலைக்குப் போனது, எனக்குத் தலை கால் புரியவில்லை, மனைவியையும் பையனையும் ஆறு வயதுப் பெண் தெய்வானையையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பல் ஏறிவிட்டேன். அவர் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு எங்களுக்கு ஊரைக் காட்டினார். டிராம் வண்டி, துறைமுகம், பல் கூசும் ஐஸ் தண்ணீர். கடைசியாக மியூசியம்.

அங்கே ஒரு கூடம் நிறைய, திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பயந்து போனார்கள். நான் தெய்வானையிடம் குனிந்து, "பயப்படாத கண்ணு, உங்க மாமன் மீனைத் தின்னுட்டு முள்ள மிச்சம் வெச்சுட்டாரு" என்றேன். அவ்வளவுதான். சிரித்தாள் பாருங்கள், விக்கல் வரும்வரைக்கும். அவளுக்குச் சிரித்தால் விக்கல் வரும். என் அசட்டுப் பேச்சுக்கெல்லாம் இந்த உலகத்தில் சலிக்காமல் சிரித்த ஒரே ஜீவன் அவள்தான்.

வெளியே வரும்போது அவள் கை என் கைக்குள் இருந்தது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். வாசல்படியில் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து, அந்தக் கூடத்துக்குள்ளிருந்து, தெய்வானையின் குரல் "அப்பா" என்றது. கொஞ்சம் பொறுத்து, விக்கலோடு, இன்னொரு தரம் "அப்பா" என்றது. கீழே பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்தவள் வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் தெரியாமல் பின்னாலிருந்து குரல் வந்தால் மூன்றாம் தரம் வரைக்கும் திரும்பக்கூடாது. மனுஷன் மூன்று தரம் கூப்பிடுவான், மற்றதுக்கு இரண்டுக்கு மேல் வராது என்று கணக்கு. என் மனைவிக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துப்போய் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஏனுங்க, திரும்பாதீங்க. மூணாவது தரம் கூப்பிட்டாப் பாத்துக்கலாம்."

கூப்பிடவில்லை. நாங்கள் ரிக்‌ஷா ஏறிவிட்டோம். என் படபடப்பை அடக்க அதே மீன்முள் பேச்சை மறுபடி எடுத்துவிட்டேன். பையன் சிரித்தான், மச்சான்கூடச் சிரித்தார். தெய்வானை என்னை, வழி கேட்கிற யாரோ ஒருத்தனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் சிரிக்கவே இல்லை. கோபமில்லை, காய்ச்சலில்லை, சொன்ன வேலையைச் செய்வாள், போட்டதைத் தின்பாள். பாலக்காட்டு வைத்தியர் நாடி பார்த்து ஒன்றுமில்லை என்றார். கயிறு கட்டினோம், கோழி அறுத்தோம். நானும் என்னென்னவோ செய்தேன், வேண்டுமென்றே மாட்டுத் தண்ணித்தொட்டியில் விழுந்து எழுந்தேன். ஊரே சிரித்தது. அவள் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செத்துப்போயிருந்தால் ஒரு பாடு அழுது தீர்த்திருப்பேன். எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறவளுக்காக எப்படி அழுவது? என் மனைவி கொழும்பு என்ற பேரைக்கூட அப்புறம் சொன்னதில்லை.

பெண் வளர்ந்து சம்பந்தமும் பேசி முடித்தாகிவிட்டது. இப்படியே எப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது? மதுரைப் பக்கம் மாடு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறினேன்.

நம்பினால் நம்புங்கள். அதே கூடம், அதே எலும்பு, பட்டப்பகல், பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அந்த மீன்முள் பேச்சை மெதுவாகச் சொன்னேன். கூடத்தின் கோடியிலிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் விக்கல். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று மூன்று தரம், முறையாக, கூப்பிட்டுவிட்டு நடந்தேன். இப்படி அழைத்துப் போகிறவன் வீட்டு வாசப்படி தாண்டும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை. படியில், தெருவில், ரயிலடிவரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் அந்த விக்கல் வந்துகொண்டே இருந்தது.

டிக்கெட் கொடுக்கிறவர் எத்தனை என்று கேட்டார். சந்தோஷத்தில் ஒன்றரை என்று சொல்லிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, அரை டிக்கெட் எங்கே என்றார்.

காட்டுவதற்குத் திரும்பினேன்.

முட்டாள் என்று முதலிலேயே சொன்னேனே.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. வாசலில் தெய்வானை கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கே போனேன் என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை, இன்றுவரை என் மனைவிக்கே தெரியாது. தெய்வானை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், என் இடுப்புயரத்தில், ஆறு வயதுப் பிள்ளையின் தலை இருக்கக்கூடிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தனியாத்தான் வந்திருக்கறீங்க" என்றாள்.